அடிப்பக்கம் கீழே

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில் வேதகிரியின் மரவாடி இருக்கிறது. வசதியான ஆள் யாராவது மரம் வாங்க வந்தால் அவர்களுக்கு முதலில் டீ வரும், அடுத்து ஞானசுந்தரி வருவாள். வேதகிரி தன் தோளில் கிடக்கும் துண்டை உருவி அவள் கண்ணைக் கட்டுவார். வேர்வையும் பீடி நாற்றமும் ஊறிய துண்டு அது. கட்டிய பிறகு அவள் கையில் ஒரு கட்டையை வைப்பார்கள். அவள் அதைக் கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோய், நுனிநாக்கால் தொட்டுவிட்டுச் சொல்வாள்.

"வேங்கை. காஞ்சி எட்டு மாசம் ஆவுது."

"பூவரசு. கெணத்தாண்ட நின்னது."

ஒருமுறைகூடத் தவறியதில்லை. லாரி டிரைவர்கள் அவளை வைத்து டீயும் போண்டாவும் பந்தயம் கட்டுவார்கள். ஒருவன் ஒருமுறை தன் செருப்பைக் கழற்றி அவள் கையில் வைத்தான். அவள் அதை மூக்கருகில் கொண்டுபோகும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு சிரித்த சிரிப்பில் ரம்பச் சத்தமே கேட்கவில்லை. வேதகிரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவள் கணவன் முனியன் அங்கே சுமை ஏற்றிக்கொண்டிருந்தான். லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு தேக்குமரம் அவன்மேல் உருண்டது. மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் வேதகிரி ஆள் அனுப்பி, அவன் இடத்தில் இவளுக்கு மரத்தூள் அள்ளுகிற வேலையைக் கொடுத்தார். நல்ல மனசு என்று ஊரில் சொன்னார்கள். அதே தேக்கைத்தான் அந்த வாரம் அறுத்தார்கள். அவள் அள்ளிய முதல் தூள் அந்த மரத்துடையது. மரத்தை மோந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு அன்று வந்ததா, பிறகு வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவில் இருக்கிற காலனியில் அவள் வீடு. இரண்டு வருடங்களுக்கு முன் அரசாங்கத் திட்டத்தில் ஒரு தொகுப்பு வீடு கிடைத்தது. சுவர் எழுந்தது, தளம் போட்டார்கள், வாசலில் பெயரும் வருடமும் எழுதி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கதவும் நிலையும் வீட்டுக்காரர் பொறுப்பு. நிலை இருக்கவேண்டிய இடத்தில் ஞானசுந்தரி ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டினாள். நாய் உள்ளே வந்து சோற்றுப் பானையை உருட்டியது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் மகள் ஏஞ்சல் குளித்துவிட்டு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது தார்ப்பாய் விலகியது. காற்று இல்லாத நாள் அது. அன்றிலிருந்து ஏஞ்சல், வேலை பார்க்கிற கம்பெனியிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வருகிறாள்.

"தகரக் கதவு ஒண்ணு வாங்கிப் போடும்மா. நானே காசு தரேன்," என்றாள்.

"தகரத்த ஒதச்சா தெறந்துக்கும். மாசி வரட்டும்டி. நம்ம வேம்ப வெட்டிடலாம்."

வாசலுக்கு எட்டடி தள்ளி நின்ற வேப்பமரத்தைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். அவள் கல்யாணமாகி வந்தபோது கைத்தண்டி இருந்தது. ஏஞ்சல் பிறந்த வருடம் முனியன் ஒரு கன்றுக்குட்டி வாங்கிவந்து, அதைக் கட்ட அந்த மரத்தில் முழங்கால் உயரத்தில் ஓர் ஆணி அடித்தான். கன்று செத்தது, அவனும் செத்தான். மரம் மெல்ல மெல்ல அந்த ஆணியை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தழும்பை மட்டும் வைத்துக்கொண்டது. மரவாடியில் ஆயிரம் மரத்தைத் தொட்ட பிறகு அவள் தன் வாசலில் நின்ற மரத்தைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே வைரம் ஏறியிருந்தது. பத்து வருடமாக அதன்மேல் கண் வைத்திருந்தாள். மரவாடியில் எல்லோருக்கும் அது தெரியும். தான் படுக்கிற வீட்டுக்குத் தான் தேர்ந்தெடுத்த மரத்தில் ஒரு நிலை. வேறு ஆசை என்று அவளுக்குப் பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

தை மாதத் தொடக்கத்தில் பெருநகர் கிராமத்திலிருந்து சின்னராசு மரவாடிக்கு வந்தார். ஆற்றோரம் நிறைய நிலம் உள்ளவர். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கதவு தேக்கில் போட்டாலும் தலைவாசல் நிலை மட்டும் வேம்பில்தான் இருக்கவேண்டும், குலதெய்வம் வேம்பில் இருப்பவள் என்று அவர் மனைவி சொக்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். மாசியில் முகூர்த்தம் குறித்தாயிற்று.

வேதகிரி துண்டை உருவினார். கண்ணைக் கட்டி, கிடந்த மூன்று வேப்பமரங்களிடம் ஞானசுந்தரியைக் கையைப் பிடித்து நடத்திப் போனார். அவள் ஒவ்வொன்றையும் தடவினாள், தட்டினாள்.

"மூணும் வேம்புதான். நிலைக்கி ஆவாதுங்க."

"இன்னா ஆவாது?" என்றார் சின்னராசு.

"இது வாய்க்கா ஓரத்து மரம். தண்ணிய குடிச்சிக்கினு ஊதிப் போனது. எல்லாம் வெள்ளைதான், வைரம் கைப்பிடிகூடத் தேறாது. அது உள்ள பொக்கை, தட்டுனா சட்டி மாரி கேக்கும். மூணாவது முறுக்கிக்கினு வளந்தது. ரெண்டு மழ பேஞ்சா கதவக் கடிச்சிக்கும்."

சின்னராசு வேதகிரியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா வேதகிரி, உன் கடையில நின்னுக்கினே உன் சரக்க இந்தக் கிழி கிழிக்கிறா."

வேதகிரியும் சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

"சரி, நீயே சொல்லும்மா. எந்த மரம் ஆவும்?"

யாரும் அவளிடம் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. இருப்பதில் எது என்றுதான் கேட்பார்கள். கண் கட்டியிருந்ததாலோ என்னவோ, அவளுக்கு எதிரில் மரவாடி தெரியவில்லை. தன் வாசல்தான் தெரிந்தது.

"மேட்டுல நிக்கணுங்க. சரள மண்ணுல, பட்டினி கெடந்து வளந்த மரமா இருக்கணும். ஒம்போது அடிக்கி கெள பிரியக்கூடாது. எறும்பு ஏறியிருக்கக்கூடாது. மாசி தேய்பிறையில, எல உதுந்தப்பறம், துளிரு வர்றதுக்கு முன்னாடி வெட்டணும். அப்டி வெட்டுன மரத்துல வண்டு எறங்காது. நூறு வருசம் நிக்கும்."

"அப்டி ஒரு மரம் கீதா இந்தச் சுத்துப்பட்டுல?"

"கீதே," என்றாள் ஞானசுந்தரி.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. துண்டை அவிழ்த்தபோது சின்னராசு திருப்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். வேதகிரி அவளைப் பார்க்கவில்லை. துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மரத்துக்கு நான் பொறுப்புங்க," என்றார்.

அன்று சாயங்காலம் ஏஞ்சலிடம் சொன்னபோது அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தாமலே, "கண்ணக் கட்டுனா கொரங்குதான் ஆடும்னு நெனச்சேன். நீ பேசவும் செய்யிற," என்றாள்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வேதகிரி அவளைக் கூப்பிட்டார். மரம் வாங்க வந்தவர்கள் யாரும் இல்லை. டிரைவர்களும் ரம்பக்காரர்களும் மட்டும் நின்றார்கள். துண்டு கண்ணுக்கு வந்தது. டிராக்டர் ஒன்று உள்ளே வந்து நின்ற சத்தம் கேட்டது. எதையோ உருட்டித் தள்ளினார்கள். தரை அதிர்ந்தது.

"ஞானம், இது இன்னா மரம், சொல்லு பாக்கலாம்."

அவள் குனிந்து கை வைத்தாள். பட்டை ஈரமாக இருந்தது. வெட்டிய இடத்தில் நீர் பிசுபிசுவென்று கசிந்தது. வளர்பிறையில் வெட்டியிருக்கிறார்கள் என்று விரல் சொன்னது. கையை அடிப்பக்கத்திலிருந்து மேலே நகர்த்தினாள். ஓரடிக்குள் அந்தத் தழும்பு வந்தது. கட்டைவிரல் அதற்குள் போய் உட்கார்ந்தது. எத்தனையோ நாள் மரத்தடியில் குந்திப் பல் துலக்கும்போது அதே விரல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"வேம்பு," என்றாள்.

"அது எங்களுக்கே தெரியும். எந்த ஊரு மரம்? எங்க நின்னுக்கினு இருந்தது?"

சுற்றி நின்றவர்களில் ஒருவன் ஏற்கெனவே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் விரலைத் தழும்பிலிருந்து எடுத்தாள். சொன்னால் அழுகை வந்துவிடும். அதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் நிற்கிறார்கள்.

"தெரிலங்க," என்றாள்.

"இன்னாது?"

"தெரில மொதலாளி."

சிரிப்பு வெடித்தது. "இருவது வருசமா எல்லா மரத்தயும் சொன்னவளுக்குத் தன் வூட்டு மரம் தெரில பாருடா," என்றார் வேதகிரி. ஒரு டிரைவர் தோற்ற பந்தயத்துக்கு டீ சொன்னான். அவளுக்கும் ஒன்று வந்தது.

கொட்டகை ஆணியில் மாட்டியிருந்த சோற்றுப் பையில் அவள் போன் கிடந்தது. காலனியிலிருந்து பதினோரு முறை கூப்பிட்டிருந்தார்கள். ரம்பச் சத்தத்தில் கேட்கவில்லை.

வேதகிரி தனியாக இருந்தபோது போய் நின்றாள். "மொதலாளி, அது என் நிலைக்கி வச்சிருந்த மரம்."

"பட்டா கீதா? ஏரிப் பொறம்போக்குல நின்னது உன் மரமா? பஞ்சாயத்து தலைவர்கிட்ட பேசிட்டுதான் வெட்னது." கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "கீதேன்னு நாலு பேரு முன்னாடி சொன்னது நீ. நானா சொன்னேன்? போ, அறுத்ததும் பட்டையெல்லாம் எடுத்துக்கோ. அடுப்புக்கு ஆவும்."

மறுநாள் மரத்தை ரம்பத்தில் ஏற்றினார்கள். இரண்டாவது அறுப்பில் கிறீச்சென்று ஒரு சத்தம். ரம்பத்தின் பல் ஏழெட்டு தெறித்துவிட்டது. உள்ளே முனியனின் ஆணி. சுற்றிலும் மரம் கருத்திருந்தது.

வேதகிரி ஓடிவந்தார். "ஆணி கீதுன்னு சொல்ல மாட்டியாடி?"

"நான்தான் தெரிலன்னு சொன்னேனே மொதலாளி," என்றாள் ஞானசுந்தரி.

அங்கிருந்த யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அந்த வாரக் கூலியில் ரம்பத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

அறுத்த மரத்தில் அடையாளம் போடுவதும் அவள் வேலை. நிலைக்கால் என்றால், மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படியே வாசலிலும் நிற்கவேண்டும். அடிப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. தலைகீழாக நட்ட நிலை உள்ள வீட்டில் எதுவும் ஏறாது, பிள்ளை தங்காது, சோறு தங்காது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டையைச் சீவி நாலு பக்கமும் அறுத்துவிட்டால் அடி எது, நுனி எது என்று ஆசாரிக்கே குழப்பம் வரும். ஞானசுந்தரிக்கு வராது. அதனால் அவள் அடிப்பக்கத்தில் செங்காவியால் ஒரு பெருக்கல் அடையாளம் போடுவாள். இத்தனை வருடத்தில் அவள் போட்டதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இரண்டு நிலைக்கால்களும் கொட்டகையில் சாய்ந்திருந்தன. ஒன்றில் ஆணியும் அதைச் சுற்றிய கறுப்பும், அடியிலிருந்து ஓரடி மேலே. செங்காவிக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அவள் அந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்த்தாள். தகப்பன் வழியில் மூன்று தலைமுறையாக வேதக்கோயிலுக்குப் போகிற குடும்பம். இதெல்லாம் பொய் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டிருக்கிறாள். ஆனால் அவள் கை அந்தப் பிரசங்கத்தைக் கேட்டதில்லை. கைக்கு மரம்தான் தெரியும்.

நுனிப்பக்கத்தில் அடையாளத்தைப் போட்டாள். இரண்டிலும். நன்றாக அழுத்தி, எப்போதும் போடுவதைவிடப் பெரிதாக.

ஆசாரி கன்னியப்பன் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினான். துருத்திக்கொண்டிருந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டான். செங்காவி இருந்த முனையில் கீழ்க்கட்டையில் பொருந்தும் கூர் வெட்டினான். மறுமுனையில் தாமரையும் கொடியும் செதுக்கினான். நிலை வளர வளர ஞானசுந்தரி தூள் அள்ளுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்வந்தாள். அந்த இருபது நாளும் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. சின்னராசுவின் மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அன்றும் தூங்கினாள்.

முகூர்த்தத்தன்று பெருநகருக்கு அவளையும் டிராக்டரில் ஏற்றிப் போனார்கள், இறக்கிவைத்துவிட்டு இடத்தைப் பெருக்க. பந்தலில் ஐம்பது பேர் இருந்தார்கள். சொக்கம்மாள் பட்டுப்புடவையில் மஞ்சள் தட்டோடு நிலைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மரத்துக்கு மஞ்சள் பூசினாள். பூசியபடியே, "நல்ல வேம்புதான். கைய வச்சாலே குளுகுளுன்னு கீது. எந்த ஊரு மரம் ஆசாரி?" என்றாள்.

கன்னியப்பன் பாராட்டாகத்தான் சொன்னான். "தோ நிக்கிறாளே ஞானம், இவ வூட்டு வாசல்ல நின்னதும்மா. இவளே பாத்து வளத்த மரம். இந்த மாரி மரம் காசு குடுத்தாலும் கெடைக்காது."

சொக்கம்மாள் ஞானசுந்தரியைப் பார்த்தாள். "உனுக்கு எங்க வூடு?"

"காலனிங்கம்மா. ஏரிக்கரை மேல."

சொக்கம்மாளின் கை மரத்திலிருந்து விலகியது. தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் முழங்கைவரை கழுவினாள். மஞ்சள் போவதற்குக் கழுவுகிற நேரத்தைவிட அதிக நேரம் கழுவினாள். பிறகு வீட்டுக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்னராசு உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். வேதகிரியின் காதில் ஏதோ சொன்னார். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. காஞ்சிபுரத்தில் ரெடிமேடாகத் தேக்கு நிலை விற்கிற கடைக்கு ஒரு வண்டி பறந்தது.

குலதெய்வம் அன்றைக்குத் தேக்கிலும் இருக்கச் சம்மதித்தது.

மஞ்சள் பூசிய வேம்பு நிலை பந்தல் ஓரத்தில் கிடந்தது. வந்தவர்கள் அதைத் தாண்டிப்போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னராசுவுக்கு ஒரு யோசனை வந்தது. மனிதர் இரக்கமில்லாதவர் இல்லை.

"ஏம்மா ஞானம், உன் வூட்டுக்கு நிலை இல்லியாமே. வேதகிரி சொன்னான். இத நீயே எடுத்துக்கோ. உன் மரம், உன் வாசலுக்கே வருது. கூலி ஆசாரிக்குக் குடுத்தாச்சி, அவன் வந்து நட்டுட்டுப் போவான்."

பந்தலில் எல்லோரும் நல்ல காரியம் என்றார்கள். யாரோ போனில் போட்டோ எடுத்தார்கள். அவளை நிலையில் கை வைத்து நிற்கச் சொன்னார்கள். "கொஞ்சம் சிரிம்மா," என்றார் சின்னராசு.

டிராக்டரில் திரும்பும்போது நிலை அவள் மடிமேல் சாய்ந்து வந்தது. வழியெல்லாம் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். திருப்பி நட முடியுமா? கூர் வெட்டியாயிற்று, தாமரை செதுக்கியாயிற்று, மேல்கட்டை இறுகியாயிற்று. பிரித்தால் விறகு. ஆசாரியிடம் சொன்னால்? பெருநகர்ப் பெரியவர் வீட்டு நிலைக்குக் காலனிக்காரி வேண்டுமென்றே தலைகீழாக அடையாளம் போட்டாள் என்பது இருட்டுவதற்குள் ஊருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நிலை இருக்காது, வீடும் இருக்குமா என்று சொல்ல முடியாது.

ஏஞ்சல் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். நிலையைப் பார்த்ததும் ஓடிவந்து தாமரையைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகம் அப்படி இருந்தது. தானே தார்ப்பாயை அறுத்து எறிந்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் பிடித்தார்கள். வெட்டிய அடிக்கட்டை வாசலில் வெள்ளையாகத் தெரிந்தது. நிலை அதைத் தாண்டித்தான் உள்ளே போனது.

கன்னியப்பன் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆசாரி," என்றாள் ஞானசுந்தரி.

"இன்னா ஞானம்?"

ஏஞ்சல் சிமெண்டுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஒரு துளி சிமெண்டு ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல. நேரா வை."

"உன் அடையாளத்தப் பாத்து வச்சா கோணவா போவும்," என்றான் அவன்.

பெருநகர் வீட்டில் சித்திரையில் பேரன் பிறந்தான். அங்கே நிற்கிற ரெடிமேட் நிலையில் அடி எது, நுனி எது என்று பார்த்தவர் யாருமில்லை. கடையில் அந்த வழக்கமே கிடையாது. வேதகிரி இப்போதும் துண்டை உருவுகிறார். சொல்வதற்கு அவரிடம் இப்போது இரண்டு கதை இருக்கிறது. முதலில் செருப்பு, அடுத்து தன் வீட்டு மரமே தெரியாமல்போனது.

பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொண்டது. கன்னியப்பனே மாட்டிக்கொடுத்த பழைய கதவைத் தோளால் இடித்துத்தான் சாத்தவேண்டும். வளர்பிறையில் வெட்டியதால் வண்டும் இறங்கிவிட்டது. தினமும் காலையில் வாசலில் மாவு போல ஒரு பிடி தூள் கிடக்கிறது. மரவாடியில் அள்ளுவதற்கு முன்னால் அவள் வீட்டில் அதை அள்ளுகிறாள். ஏஞ்சலுக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டும் கூடிவரவில்லை. ஏஞ்சல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞானசுந்தரி மட்டும், வந்தவர்கள் எந்தக் காலை முதலில் நிலைக்குள் வைத்தார்கள் என்றுகூட நினைவில் வைத்திருக்கிறாள்.

நட்ட மறுநாளே ஏஞ்சல் நிலைக்காலின் மேல்பக்கத்தில், தலைக்கு மேலே, கறுத்துப்போன ஓர் ஓட்டையைப் பார்த்தாள். "யாரோ நமக்காகவே ஓட்ட போட்டு வச்ச மாரி கீதும்மா," என்று ஒரு முளை அடித்து அதில் மரச் சிலுவையை மாட்டினாள். கன்றுக்குட்டியைக் கட்ட முனியன் மண்டி போட்டு உட்கார்ந்து அடித்த ஆணியின் இடம் அது. வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் ஞானசுந்தரி அதற்குக் கீழே குனிந்துதான் போகிறாள். அம்மாவுக்கு இப்போது பக்தி கூடிவிட்டது என்று ஏஞ்சல் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.